இரண்டாம் சுற்றில் பிந்தும் உருமி

மலேசியாவில் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் கேமரன் மலையின் முதல் ஊராக ரிங்லெட் வருகிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும். இன்னும் ஏறினால் 1933இல் தொடங்கிய பாரத் தோட்டம். தானா ராத்தா, பிரிஞ்சாங் தாண்டினால் சுங்கை பாலாஸ். வடக்கே புளூ வேலி. காட்டைத் திருத்தி இந்தச் சரிவுகளில் தேயிலை நட்ட கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம். மாரியம்மனுக்கும் முனீஸ்வரனுக்கும் கோயில் எழுப்பியதும், திருவிழா என்றால் உருமியும் தப்பும் எடுத்ததும் அதே கைகள்தாம்.

இன்று கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் நிறையப் பேர். தமிழ்க் குடும்பங்கள் பல மலையை விட்டுப் பட்டணங்களுக்கு இறங்கிவிட்டன. உருமி மேளம் மட்டும் ஓயவில்லை. மலேசியாவில் தைப்பூசக் காவடிக்கு முன்னால் உருமி முழங்காத இடமே இல்லை எனலாம். அதை வாசிக்கும் பிள்ளைகளில் பலர் இன்னொரு இசையையும் கேட்டு வளர்ந்தவர்கள். போயட்டிக் அம்மோ குழுவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்ராவோடு சேர்ந்து 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு, தமிழில் ராப் பாடி உலகத் தமிழர்களை எட்ட முடியும் என்று காட்டியது. அந்த இசையின் முதுகெலும்பு லூப். நாலு பார் தாளத்தை எடுத்து, அதையே சுற்ற விட்டு, அதன்மேல் அடுக்கிக்கொண்டே போவது. ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்ஃபோன் இருந்தால் தோட்டத்து வீட்டின் முன்னறையிலேயே வேலை தொடங்கிவிடும்.

தொந்தரவும் அங்கேயே தொடங்கும்.

ரிங்லெட் பக்கம் ஒரு வீட்டில் ஓர் இளைஞர் இப்படி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டெம்போ 120. முதல் சுற்றில் தப்பு அடித்துப் பதிகிறார். லூப் திரும்பி வருகிறது. தப்பைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் உருமி வாசிக்கிறார். வாசிக்கும்போது இரண்டும் கச்சிதமாகச் சேர்ந்திருந்தன. நிறுத்திவிட்டுப் போட்டுக் கேட்டால், உருமி தப்புக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. மறுபடி வாசித்தாலும் அதே கதை. மூன்றாவதாகச் சேர்த்த ஜால்ரா இன்னும் மோசம். அவருக்கு முதலில் வரும் எண்ணம், ‘நமக்குத் தாளம் நிற்கவில்லை’ என்பது. பக்கத்திலிருக்கும் மாமாவும் அதையேதான் சொல்வார்.

பத்து வயதிலிருந்து சாமி ஊர்வலத்தில் அடித்துப் பழகிய கை ஒரே நாளில் தாளம் தவறாது. பெரும்பாலும் குற்றம் கணினியின் ஏதோ ஓர் அமைப்பில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் முன் வாசித்தவரைக் குறைசொல்வது அநியாயம். ஒரு பிள்ளை அதோடு மைக்கை மூட்டை கட்டிவிட்டால் நட்டம் அவருக்கு மட்டுமில்லை.

கணினிக்குள் நடப்பது இதுதான். லூப்பின் ஒலி நினைவகத்திலிருந்து நேரே காதுக்கு வருவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகச் சேர்த்து வைக்கப்பட்டு, பிறகு மின் அலையாக மாறி, ஹெட்ஃபோனுக்கு வருகிறது. வாசிப்பவர் அதைக் கேட்டு அடிக்கிறார். அந்த அடி மைக்கில் நுழைந்து, எண்ணாக மாறி, மறுபடி பொட்டலமாகச் சேர்ந்த பிறகே மென்பொருளின் கைக்குக் கிடைக்கிறது. பொட்டலத்தின் பெயர் பஃபர். விநாடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் அமைப்பில் 1024 சாம்பிள் கொண்ட பஃபர் நிரம்ப 21 மில்லி விநாடி பிடிக்கும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. மாற்றிகள், யூஎஸ்பி வழி எல்லாம் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஆகமொத்தம் 50 மில்லி விநாடி தாமதம் என்றால் வியப்பில்லை. 120 டெம்போவில் ஓர் அடியின் கால் பங்கு 125 மில்லி விநாடி. 50 என்பது அதில் பாதியைத் தொடப் பார்க்கிறது. காது இதைப் பிடித்துவிடும்.

கோயில் ஊர்வலத்தில் வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 34 மீட்டர் பின்னால் நடப்பவருக்கு முன்வரிசை உருமி பத்தில் ஒரு விநாடி பிந்தித்தான் கேட்கும். அவர் தனக்குக் கேட்பதற்குச் சரியாகவே அடிக்கிறார். ஆனால் முன்வரிசையில் நிற்பவர் காதுக்கு அந்த அடி பிந்தி வந்து சேர்கிறது.

நல்ல மென்பொருளுக்கு இந்தத் தாமதம் தெரியும். எத்தனை சாம்பிள் பிந்துகிறது என்று ஒலிக்கருவியின் டிரைவரிடம் கேட்டு, பதிந்ததை அவ்வளவு தூரம் முன்னே நகர்த்தி வைத்துவிடும். டிரைவர் சொல்லும் கணக்கு தப்பாக இருந்தால், அல்லது மென்பொருள் கேட்காமலே விட்டால், பிந்தியது பிந்தியபடியே கிடக்கும். அடுத்து வாசிப்பவர் அந்தப் பிந்திய உருமியைப் பிடித்துக்கொண்டு ஜால்ரா தட்டினால் தாமதம் இரட்டிப்பாகும். மூன்றாவது அடுக்கு ‘இன்னும் மோசம்’ ஆனது அதனால்தான்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் பிந்துவதன் போக்கைப் பார்க்க வேண்டும். லூப்பின் முதல் அடியில் எவ்வளவு பிந்துகிறது, பத்தாவது சுற்றின் முதல் அடியில் எவ்வளவு பிந்துகிறது? இரண்டும் ஒன்று என்றால் ஒரு நோய். வளர்ந்துகொண்டே போனால் வேறு நோய். ஒரு சுற்றில் முந்தி, ஒரு சுற்றில் பிந்தி, நிலையில்லாமல் குதித்தால் அது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றைக் கெடுக்கவும் செய்யும். பார்க்காமலே பஃபரைக் குறைத்துக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

எப்போதும் ஒரே அளவு பிந்தினால், அளந்து பார்க்க ஒரு வயர் போதும். ஆடியோ இன்டர்ஃபேஸின் வெளியீட்டுத் துளையில் ஒரு முனை, உள்ளீட்டுத் துளையில் மறுமுனை. ஒலியளவை முதலில் நன்றாகக் குறைத்துவிட வேண்டும். பதியும் ட்ராக்கின் ஒலி திரும்ப வெளியே போகாதபடி அணைத்துவிடவும் வேண்டும், இல்லையேல் ஊளையிடும். பிறகு ஒரு ட்ராக்கில் மெட்ரோனோம் கிளிக்கை ஓடவிட்டு, இன்னொரு ட்ராக்கில் பதிய வேண்டும். யூஎஸ்பி மைக் மட்டும் வைத்திருப்பவர்கள் ஹெட்ஃபோனின் ஒரு காதை மைக்கோடு ஒட்டிப் பிடித்தாலே போதும். பத்துப் பன்னிரண்டு கிளிக் பதிந்ததும் நிறுத்தி, திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், மேலே மூலக் கிளிக்கின் கூர்முனை, கீழே கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி அதன் நகல் என்று இரண்டும் தெரியும். இடைவெளியைச் சுட்டியால் இழுத்து அளந்தால் சாம்பிள் கணக்கு கிடைக்கும். 48,000 அமைப்பில் 960 சாம்பிள் என்றால் சரியாக 20 மில்லி விநாடி. இதில் மனிதக் கை எதுவும் இல்லை என்பதால் கணினியின் குற்றம் எவ்வளவு என்பது பச்சையாகத் தெரிந்துவிடும்.

அந்த எண்ணை எழுதும் இடம் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு மூலையில் இருக்கிறது. ரீப்பரில் ரெக்கார்டிங் அமைப்பில் சாம்பிளாகவோ மில்லி விநாடியாகவோ எழுதலாம். ஏபிள்டன் லைவில் டிரைவர் எரர் காம்பன்சேஷன், லாஜிக்கில் ரெக்கார்டிங் டிலே. இலவசம் என்பதால் பலரும் தொடங்கும் ஆடாசிட்டியில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்ற கட்டத்தில் ஏற்கெனவே மைனஸ் 130 மில்லி விநாடி எழுதியிருக்கும். அது பொதுவான ஓர் ஊகம். உங்கள் கணினியின் உண்மையான தாமதம் 60 என்றால், ஆடாசிட்டி 130 நகர்த்தி, உருமியை 70 மில்லி விநாடி முந்த வைத்துவிடும். ‘எனக்குப் பிந்தவில்லை, முந்துகிறது’ என்று குழம்புகிறவர்கள் முதலில் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்கலாம். எழுதிய பிறகு மறுபடி ஒரு முறை கிளிக்கைப் பதிந்து, இரண்டு கூர்முனைகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டுவிட்டால் பிழை இரட்டிப்பாகியிருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பஃபரைக் குறைப்பது வேறு, பதிந்த அடுக்கைச் சரியான இடத்தில் வைப்பது வேறு. பஃபரைக் குறைத்தால் தன் குரலையோ வாத்தியத்தையோ மென்பொருள் வழியாகக் கேட்பவருக்கு எரிச்சல் குறையும். பதிவு எங்கே போய் உட்காருகிறது என்பதை ஈடுசெய்யும் எண்தான் தீர்மானிக்கிறது. அந்த எண் சரியாக இருந்தால் 1024 பஃபரிலும் உருமி தப்போடு சேர்ந்தே நிற்கும். பஃபரை மாற்றினால் மட்டும் மறுபடி ஒரு முறை அளக்க வேண்டும்.

தன்னைத் தானே கேட்பது தனிச் சிக்கல். உருமியின் ஒலி அறையில் நேராகவே காதில் விழுகிறது. அதையே மென்பொருள் 40 மில்லி விநாடி கழித்து ஹெட்ஃபோனிலும் தந்தால், வாசிப்பவர் தன்னை அறியாமலே ஹெட்ஃபோன் ஒலியைச் சரிக்கட்ட முந்தி வாசிக்கத் தொடங்கிவிடுவார். நல்ல தாளக்காரர்தான் இதில் அதிகம் மாட்டுவார். அவர் காது அவ்வளவு வேகமாகச் சரிசெய்துகொள்ளும். பதியும் ட்ராக்கின் மானிட்டரிங்கை அணைத்துவிடுவது நல்லது. இன்டர்ஃபேஸில் நேரடி மானிட்டர் பொத்தான் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். புளூடூத் ஹெட்ஃபோனுக்கு இந்த வேலையில் இடமே இல்லை. அதன் தாமதம் 200 மில்லி விநாடியை எட்டக்கூடும், இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறவும் செய்யும். வயர் உள்ள ஹெட்ஃபோன் மலிவானதாக இருந்தாலும் மேல்.

வளர்ந்துகொண்டே போகும் தாமதம் இன்னும் நுட்பமானது. 1965இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக், ஒரு தெருப் பிரசங்கியின் குரல் துண்டை இரண்டு டேப் லூப்பாக்கி, இரண்டு ரெக்கார்டர்களில் ஒன்றாக ஓடவிட்டார். இயந்திரங்களின் வேகம் இம்மியளவு வேறுபட்டதால் ஒன்று மெல்ல விலகிப் போனது. அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு ‘இட்ஸ் கோனா ரெய்ன்’ என்ற படைப்பாக்கினார். அவருக்கு வரமாக அமைந்தது நமக்குத் தலைவலி. யூஎஸ்பி மைக்கில் பதிந்துகொண்டு, மடிக்கணினியின் சொந்தத் துளையில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கடிகாரங்கள் வேலை செய்கின்றன. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நிமிடத்துக்கு 3 மில்லி விநாடி விலகும். லூப்பைப் பத்து நிமிடம் சுற்றவிட்டு வாசித்தால் 30. கேட்பதும் பதிவதும் ஒரே கருவியில் என்று வைத்துக்கொண்டால் நோய் வேரோடு போய்விடும். பல யூஎஸ்பி மைக்குகளில் ஹெட்ஃபோன் துளை இருப்பது இதற்கும்தான்.

இன்னொரு காரணம், லூப் வந்த வழி. நண்பர் அனுப்பிய எம்பி3 தாளத்தைப் போட்டுச் சுற்றவிடுவது வழக்கம். எம்பி3 ஆக்கும்போதும் திருப்பும்போதும் தொடக்கத்தில் வெற்று ஒலி கொஞ்சம் சேரும். வழக்கமாக 1,105 சாம்பிள், அதாவது 44,100 அமைப்பில் 25 மில்லி விநாடி. கடைசியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மென்பொருள் அதை வெட்டி எறியாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அது கூடும். நாலு சுற்றில் பத்தில் ஒரு விநாடி போய்விடும். வேவ் கோப்பாக அனுப்பச் சொல்வதே வழி.

காதால் கேட்டு லூப்பை வெட்டுவதும் இதே வினையைத் தரும். 110 டெம்போவில் நாலு பார், அதாவது 16 அடி, சுமார் 8.727 விநாடி. 48,000 அமைப்பில் 418,909 சாம்பிள். கையால் வெட்டி 418,000இல் முடித்துவிட்டால் தனியாகக் கேட்க அழகாகவே இருக்கும். ஆனால் சுற்றுக்கு 19 மில்லி விநாடி வீதம் மெட்ரோனோமை விட்டு ஓடும். பத்தாவது சுற்று முடியும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு விநாடி முந்தியிருக்கும். டெம்போ கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும்படி ஸ்நாப்பை இயக்கிவிட்டு வெட்டினால் போதும். சாம்பிள் ரேட் எங்கும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். 44,100இல் பதிந்ததை 48,000 என்று எண்ணி ஓட்டினால் எட்டு விநாடி லூப் 7.35 விநாடியில் முடிந்துவிடும், சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும்.

நிலையில்லாமல் குதிக்கிறது என்றால் கணினி மூச்சு வாங்குகிறது என்று பொருள். பஃபர் நிரம்புவதற்குள் செயலி வேறு வேலைக்குப் போய்விட, இடையில் ஒரு துண்டு ஒலி விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இடம் மாறுகிறது. இங்கே பஃபரைக் கூட்டுவதுதான் மருந்து. மின்சேமிப்பு அமைப்பை அணைப்பதும், மைக்கை யூஎஸ்பி ஹப்பில் மாட்டாமல் நேரே கணினியில் மாட்டுவதும் உதவும். விண்டோஸில் பழைய பொது டிரைவரை விட்டு, ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஏசியோ வகை டிரைவருக்கு மாறினால் தாமதம் குறையும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முதல் அடி மட்டும் காணாமல் போகும் வழக்கு ஒன்று உண்டு. கர்நாடக இசையில் தாளம் தொடங்குவதற்குச் சற்று முன்பே பாட்டை எடுப்பதை அதீத எடுப்பு என்பார்கள். உருமிக்காரரும் தாளத்தின் முதல் அடியான சமத்தைச் சற்று முன்னாலேயே இழுத்துக்கொண்டு வருவார். லூப்பின் வாசல் சமத்தில் திறக்கிறது. அவர் இழுத்த முன்பகுதி வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஒரு பார் முன்னதாகவே பதியத் தொடங்கி, முதல் சுற்றை எடுக்காமல் விட்டு, இரண்டாவது மூன்றாவது சுற்றிலிருந்து நல்லதைப் பொறுக்கினால் இது தீரும். பல மென்பொருள்கள் எல்லாச் சுற்றையும் ஒரே நீள ஒலியாகவே பதிந்து வைத்திருக்கும். துண்டின் இடது ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வெட்டுப்பட்ட தொடக்கம் வெளியே வரும்.

உருமியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். தப்பில் அடிக்குச்சி விழுந்த இடம் திரையில் சுவர்போல் செங்குத்தாக எழும். உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். அந்த உறுமல் மெல்ல ஏறி, வீங்கி, இறங்கும். அதன் தாளம் எந்தப் புள்ளியில் விழுகிறது என்று கேட்டால் வாசிப்பவர் சொல்லிவிடுவார். மென்பொருளுக்குத் தெரியாது. திடீரென்று ஒலி எழும் இடத்தைத்தான் அது அடி என்று குறித்துக்கொள்கிறது. க்வாண்டைஸ் பொத்தானை அழுத்தினால் உறுமலின் உச்சியைக் கொண்டுபோய்க் கட்டத்தில் பொருத்தி, முன்னால் வந்த இழுப்பைக் கசக்கிவிடும். உருமிக்கு உயிரே அந்த இழுப்பு. அளந்து கிடைத்த எண் அளவுக்கு முழு அடுக்கையும் ஒன்றாக நகர்த்தினால் போதும். உள்ளே கைவைக்கவே கூடாது.

மலையின் ஈரக்குளிருக்குத் தோல் தளரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தீயில் காய்ச்சிய தப்பை அரைமணி நேரம் கழித்து அடித்தால் ஒலி இறங்கியிருக்கும். பழைய அடுக்கோடு புதியதைச் சேர்க்கும் முன் மறுபடி காய்ச்சிக்கொள்ளாவிட்டால், நேரம் சரியாக இருந்தும் இரண்டும் ஒட்டாது.

சாமி வரும் கட்டத்தில் மேளம் வேகமெடுக்கும். எவ்வளவு எடுக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அங்கே லூப்பைக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. ‘வல்லவன்’ தொகுப்பின் ‘மடை திறந்து’, 1980இல் வந்த நிழல்கள் படத்துக்கு இளையராஜா இசையமைத்த பாட்டின்மேல் எழுந்தது. அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்துப் பதிந்த பாட்டுகளில் வேகம் இடத்துக்கு இடம் இம்மியளவு அசையும். அப்படிப்பட்ட பாட்டின்மேல் இன்றைக்கு ஒரு லூப் போட நினைப்பவர் லூப்பின் டெம்போவைத்தான் பாட்டுக்கு வளைக்க வேண்டும். கோயில் மேளத்துக்கும் அந்த மரியாதை வேண்டும். எல்லாரையும் ஒன்றாக வாசிக்க விட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் பதிந்துகொள்ளலாம்; லூப்புக்கு வேண்டிய துண்டைப் பிறகு அதிலிருந்து எடுக்கலாம்.

அப்படி ஊர்வலத்தைப் பதியும்போது ஒருவர் கைப்பேசி முன்வரிசையில், இன்னொருவருடையது பின்வரிசையில் என்று இரண்டு மூன்று ஓடும். அவையும் தனித்தனிக் கடிகாரங்களே. மேளம் தொடங்கும் முன் எல்லாக் கைப்பேசிகளையும் ஒரே இடத்தில் வைத்துத் தப்பில் ஓங்கி ஓர் அடி, எல்லாம் முடிந்து நிறுத்துவதற்கு முன் மறுபடி அதே இடத்தில் வைத்து இன்னோர் அடி. கணினியில் முதல் அடிகளை ஒரே கோட்டில் நிறுத்திவிட்டுக் கடைசி அடிகளைப் பார்த்தால், எந்தக் கைப்பேசி எவ்வளவு விலகியிருக்கிறது என்பது தெரியும். அந்த அளவுக்குப் பதிவை நீட்டியோ குறுக்கியோ சேர்த்துக்கொள்ளலாம்.